அல்வாவில் கோதுமை இல்லை என்றவர்கள்

மகளுக்கு,

சுகமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். நான் நம்பவில்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வந்தபோது உன் நகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்துக் கிடந்தது. கேட்டதற்கு, மதுரை வெயில் அம்மா என்றாய். வெயிலில் நகம் வெளுக்கும் என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? உன் மாமியார்தான் சொல்லியிருப்பார். அந்த வீட்டில் எது நடந்தாலும் வெயில் காரணம், இல்லாவிட்டால் கண்ணேறு காரணம், அதுவும் இல்லாவிட்டால் உன் ஜாதகம் காரணம். கோதுமை மட்டும் எதற்கும் காரணம் ஆகாது. அது அவர்களுக்கு நெருங்கிய சொந்தம் போலிருக்கிறது.

இப்போது குடும்பத்தோடு வேன் பேசிக் காசிக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறாய். ராமேசுவரத்தில் மணல் எடுத்துக்கொண்டுபோய்க் கங்கையில் கரைத்து, கங்கைத் தண்ணீரைக் கொண்டுவந்து ராமேசுவரத்தில் அபிஷேகம் செய்தால் உனக்குப் பிள்ளை தங்கும் என்று ஜோசியர் சொன்னாராம். போகட்டும். சாமியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்று கலைந்து, அடுத்தது உருவாகவே இல்லாமல் நீ கிடக்கிறாயே, அந்த வயிற்றுக்குள் ராத்திரிதோறும் சப்பாத்தியைப் போட்டுக்கொண்டு, காலையில் எழுந்து ஜோசியரைக் கேட்கிறார்களே, இவர்களை என்ன சொல்வது? வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று கேட்டு எழுதியிருந்தேன். அதற்கு நீ எழுதிய பதில் ஒரே வரி. 'அட்ஜஸ்ட் பண்ணிக்கிறேன் அம்மா.' அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். உன் வீட்டில் யார் பிரித்துப் படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. சத்தமாகவே படிக்கட்டும்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு நான் எதையும் மறைக்கவில்லை. உட்கார்ந்தவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டேன், இந்தப் பிள்ளைக்குக் கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆகாது, ஒரு வாய்கூட ஆகாது என்று. உன் மாமியார் சிரித்தார். "அதுனால என்னங்க, நாம என்ன வடநாட்டுக்காரங்களா? சோறு திங்கிற குடும்பம்தானே" என்றார். சோறு தின்கிற குடும்பமாகத்தான் இருந்தார்கள். உன் மாமனாருக்குச் சர்க்கரை வந்தது. சர்க்கரை வந்தது அவருக்கு, ராத்திரி சப்பாத்திக்கு மாறியது மொத்தக் குடும்பமும். அதில் ஒரு கௌரவம் வேறு. போன தடவை நான் வந்திருந்தபோது, "நாங்க நைட்ல சாதம் தொடுறதில்ல" என்று உன் மாமியார் சொன்ன தோரணையைப் பார்க்க வேண்டுமே, சாதத்தைத் தொட்டால் தீட்டு ஒட்டிக்கொள்ளும் போல. முதலில் நீ மத்தியானத்துச் சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்துச் சாப்பிட்டாய். பிறகு, ஒருத்திக்கு மட்டும் தனியாகவா என்று யாரோ முனகினார்கள். உடனே நீ, ஒன்றுதானே என்று எடுத்துக்கொண்டாய். மாப்பிள்ளை பாங்கில் ஆபீசர். ஊரார் பணத்தை ஒரு பைசா பிசகாமல் எண்ணத் தெரிந்தவருக்கு, பக்கத்தில் பெண்டாட்டி எதைத் தின்கிறாள் என்று பார்க்கத் தெரியவில்லை.

உன் சின்ன வயசுக் கதை உனக்கு நினைவிருக்குமோ இல்லையோ. நினைவிருந்தாலும் மரியாதைக்காக மறந்திருப்பாய். அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து ரேஷனில் கோதுமையைப் போட்ட காலம் அது. பள்ளிக்கூடத்திலும் மத்தியானம் கோதுமை ரவை உப்புமா. கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் பானையாக நீ திரிந்தாய். எந்நேரமும் வயிறு போய்க்கொண்டே இருக்கும். பூச்சி மருந்து கொடுத்தார்கள். கோயில் புற்றுமண்ணைக் கரைத்துப் பூசினோம். கரிவலம்வந்தநல்லூரில் ஒருவர் மந்திரித்துக் கயிறு கட்டினார். பஜாரில் இருந்த டாக்டர் உன் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, இதுக்குச் சோறு செரிக்காது, ரொட்டியும் பாலும் கொடுங்க என்றார். நம் ஊர் வழக்கம்தான் உனக்குத் தெரியுமே. ஒரு ஆள் படுத்துவிட்டால் போதும், பார்க்க வருகிற அத்தனை பேர் கக்கத்திலும் ஒரு ரொட்டிப் பொட்டலம் இருக்கும். நோயாளி என்றால் ரொட்டி. ஏன் என்று எவனும் கேட்பதில்லை. உனக்கு முடியாமல் போகப் போக வீட்டில் ரொட்டி சேர்ந்தது. ரொட்டி சேரச் சேர உனக்கு இன்னும் முடியாமல் போனது. வந்தவர்கள் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள், காப்பி குடித்தார்கள், போனார்கள்.

மதுரையில் ஒரு டாக்டர்தான் கண்டுபிடித்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், சின்ன வயசு. என்னென்ன சாப்பிடுகிறாய் என்று கேட்ட முதல் டாக்டர் அவர்தான். கோதுமையை நிறுத்துங்கள், ரவை, மைதா, சேமியா, ரொட்டி, பிஸ்கட் ஒன்றும் கூடாது என்றார். உன் அப்பா மெதுவாக, "சாமி குத்தம் ஒண்ணும் இல்லையே டாக்டர்?" என்று கேட்டார். அவர் உன் அப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு சொன்னதெல்லாம் எனக்குத்தான் சொன்னார். இது வளர்ந்தால் சரியாகிற சமாச்சாரம் இல்லை, ஆயுசுக்கும் இப்படித்தான், மீறினால் ரத்தம் ஊறாது, பின்னால் பிள்ளைப்பேற்றுக்கும் சிரமம் என்றார். கோதுமையை நிறுத்தினேன். கொஞ்ச நாளில் நீ தெருவில் ஓட ஆரம்பித்தாய். கயிறு கட்டியவர் கயிறுதான் காரணம் என்றார். அவர் என்ன செய்வார், அவர் பிழைப்பு அது.

அடுத்த கோடை விடுமுறையில் உன் பெரியப்பா எல்லாரையும் வேனில் கொடைக்கானலுக்குக் கூட்டிப்போனார். உன் அப்பாவின் அண்ணன், மிளகாய் வத்தல் கமிஷன் கடை முதலாளி, ஊரில் நாலு பேர் எழுந்து நின்று கும்பிடுகிற ஆள். அவர் செலவில் பயணம். நான் எண்ணெய் தடவிய இட்லி, புளியோதரை, அரிசி முறுக்கு, அவல் எல்லாம் உனக்கென்று கட்டி எடுத்து வந்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் வாங்கிக் கொடுக்கும்போது ஒருத்தி தூக்குச்சட்டியைத் திறந்தால் அவருக்கு என்ன மதிப்பு? ராஜபாளையத்தில் ஓட்டலில் எல்லாருக்கும் பூரியும் ரவா தோசையும் வந்தன. உன் இட்லிக்குச் சாம்பார் கேட்டாய். சாம்பாரில் மைதா கரைத்து ஊற்றியிருக்கிறதா என்று பரிமாறுகிறவரைக் கேட்டேன். "சேச்சே, அதெல்லாம் கெடையாதுக்கா" என்றார். நான் எழுந்து சமையல்கட்டுக்குள் போய்ப் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு செம்பில் மைதாக் கரைசல் தயாராக இருந்தது. திரும்பி வந்தால் உன் பெரியப்பா முகம் சிவந்து உட்கார்ந்திருக்கிறார்.

"சமையல்கட்டுக்குள்ள போயி எட்டிப் பாக்கியே, நாலு பேரு என்ன நெனைப்பான்?" என்றார்.

"அந்த நாலு பேருல ஒருத்தனாவது பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வருவானா அத்தான்?" என்றேன்.

"கோதுமையத் தின்னுட்டு வடநாட்டான் எல்லாம் பட்டாளத்துல துப்பாக்கி தூக்குதான். ஒம் பிள்ளைக்கு மட்டும் அது வெசமா? எல்லாம் ஒம் மனசுல இருக்கு" என்றார். உன் பெரியம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, ஆமா என்றாள். உன் அப்பா கை கழுவப் போனவர் கடைசி வரைக்கும் கழுவிக்கொண்டே இருந்தார்.

வத்தலக்குண்டுக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்தினார்கள். நான் தூக்குச்சட்டியைக் கழுவப் பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டுக்குப் போனேன். வந்து பார்த்தால் உன் வாயைச் சுற்றி நெய் மினுங்குகிறது. பெரியப்பா மடியில் இலையில் சுற்றிய அல்வா. திருநெல்வேலியிலிருந்து ஆள் விட்டு வாங்கி வந்தாராம். "அத்தான், அது கோதுமைல்லா" என்று கத்தினேன். அவர் நிதானமாக விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "அல்வாவுல ஏதும்மா கோதுமை? கோதுமைய ஊறப்போட்டு ஆட்டிப் பிழிஞ்சு சக்கையத் தூர எறிஞ்சிருதான். பாலை மட்டும்தான் எடுத்துக் கிண்டுதான். பாலு பிள்ளைக்கு நல்லதுல்லா?"

மகளே, இந்த நியாயத்தை உலகத்தில் வேறு எந்த ஊரிலாவது கேட்க முடியுமா? வேறு ஊர்க்காரன் கோதுமை ஆகாது என்றால் கேலி செய்வான், அல்லது தெரியாமல் கொடுப்பான். நம் திருநெல்வேலிச் சீமைக்காரனுக்கு மட்டும்தான் அல்வா கோதுமையில் சேராது. அது எப்படிச் செய்கிறார்கள் என்று ஆதியோடந்தம் தெரியும், சம்பா கோதுமையா சாதாரணக் கோதுமையா என்று வாயில் போட்டதும் சொல்வான், ஆனாலும் அது கோதுமை இல்லை. கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிப்பு எல்லாவற்றுக்கும் கையில் எடுத்துக்கொண்டு போகிற பண்டம் ஒரு பிள்ளைக்கு விஷமாகும் என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு மனசு வராது. பிள்ளை வேண்டுமானால் கஷ்டப்படட்டும், அல்வாவின் பெயர் கெடக்கூடாது. உன் பெரியப்பா கெட்டவர் இல்லை என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்கிறார். கெட்டவராக இருந்தால் நான் உன்னை மடியை விட்டு இறக்கியே இருக்க மாட்டேன். கெட்டவனிடமிருந்து பிள்ளையைக் காப்பாற்றலாம். இந்த மாதிரி பாசக்காரர்களிடமிருந்து காப்பாற்றத்தான் பெரும்பாடு.

மலை ஏற ஆரம்பித்ததும் நீ வாந்தி எடுத்தாய். பிறகு வயிறும் போக ஆரம்பித்தது. "மலை ஏறுனா எல்லாருக்கும் கொமட்டத்தான் செய்யும், இந்தா, இத மோந்து பாரு" என்று புளியங்குடி எலுமிச்சம்பழத்தை நீட்டினார் பெரியப்பா. வண்டியைத் திருப்பச் சொன்னேன். மேலே ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறது என்றார். அடுத்த வளைவில் வண்டி மெதுவாகப் போனபோது நான் கதவைத் திறந்துவிட்டேன். டிரைவர் பயந்து பிரேக்கைப் போட்டார். உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, கீழே போகிற காய்கறி லாரியைக் கை காட்டி நிறுத்தினேன். உன் அப்பா ஒரு காலை வேன் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு நின்றார். அண்ணன் முகத்தைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், மறுபடி அண்ணனைப் பார்த்தார். லாரி நகர்ந்த பிறகு செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்து தொற்றிக்கொண்டார். அதற்காகத்தான் இன்றுவரை அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.

வத்தலக்குண்டு ஆஸ்பத்திரியில் உன் தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. கண் இரண்டும் குழிக்குள் போய்விட்டன. குளுகோஸ் ஏற்ற நரம்பு கிடைக்காமல் நர்சு உன் காலில் தேடினார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று அந்த டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கொடைக்கானலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, படகில் எல்லாம் போய்விட்டு, திரும்புகிற வழியில் உன் பெரியப்பா உன்னைப் பார்க்க வந்தார். கையில் என்ன தெரியுமா? ரொட்டிப் பொட்டலம். "பிள்ளை வெறும் வயித்தோட கெடக்கக்கூடாதும்மா" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். வராந்தாவில் ஒரு நாய் படுத்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிய்த்து அதற்குப் போட்டேன். அன்றைக்குப் பிறகு அவர் நம் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எனக்கு நிம்மதி. உன் அப்பா மட்டும் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

இனி உன் காசி யாத்திரைக்கு வருகிறேன். வேனில் போனால் ராத்திரி எங்கே தங்குவீர்களோ, எங்கே சாப்பிடுவீர்களோ, எதுவும் உன் கையில் இருக்காது. ஐதராபாத்தைத் தாண்டினால் திரும்பின பக்கமெல்லாம் கோதுமைதான். அதனால் பம்பு ஸ்டவ், சின்னக் குக்கர், பச்சரிசி, பாசிப்பருப்பு, அவல் எல்லாம் உன் கால்மாட்டில் இருக்கட்டும். நாடோடிக் குடும்பம் போல இருக்கிறது என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். பொரியும் வாழைப்பழமும் தயிரும் எல்லா ஊரிலும் கிடைக்கும். உருளைக்கிழங்கை வேகவைத்து உப்புப் போட்டுத் தின்றால் ஒரு வேளை ஓடிவிடும். பெருங்காயம் கொண்டு போகாதே. கட்டிப் பெருங்காயத்தில் மாவு கலக்கிறார்கள். நம் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடம் கேட்டேன், "அதுல கெடக்கது ஒரு சிட்டிகை மைதா, அதுபோயி என்ன செஞ்சிரப்போவுது?" என்றார். இந்தக் 'கொஞ்சம்' என்கிற வார்த்தையைச் சொல்கிறவர்கள் யாராக இருந்தாலும் நம்பாதே. பஜ்ஜி கடலைமாவு என்பார்கள், மைதாவும் சேர்த்திருப்பார்கள். அதே எண்ணெயில் பூரி பொரித்திருப்பார்கள். இந்தி உனக்குத் தெரியாது என்று கவலைப்படாதே. 'ரொட்டி', 'பூரி', 'நஹி' இந்த மூன்று போதும். கோயிலில் அல்வாவோ கேசரியோ பிரசாதம் என்று கொடுத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறவர் கையில் கொடுத்துவிடு. சாமி பிரசாதம் ஒன்றும் செய்யாது என்று உன் மாமியார் சொல்வார். ஒன்றும் செய்யாததாக இருந்தால், பிள்ளை வரத்துக்கு மட்டும் அது எப்படி வேலை செய்யும் என்று கேள். கேட்க மாட்டாய். எனக்குத் தெரியும்.

நீ கேட்க மாட்டாய் என்பதுதான் என் பயமெல்லாம். அரிசியும் ஸ்டவ்வும் நான் கட்டிக் கொடுத்துவிடலாம். வேனுக்குள், ஒரு மத்தியானம், எல்லாரும் ஏதோ ஒரு ஓட்டல் வாசலில் இறங்கி, பசியோடு உட்கார்ந்து, உனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுத் தட்டை உன் முன்னால் தள்ளும்போது, வேண்டாம் என்று சொல்கிற வாயை நான் கட்டிக் கொடுக்க முடியாது. அந்த இடத்தில் உன்னால் சொல்ல முடியவில்லை என்றால் இறங்கிவிடு. எந்த ஊராக இருந்தாலும் சரி, தபாலாபீசைத் தேடித் தந்தி கொடு. நானும் உன் அப்பாவும் வருகிறோம். வேண்டாம், நான் மட்டும் வருகிறேன். அவர் அண்ணனைக் கேட்டுவிட்டு வருவதற்குள் நான் உன்னைக் கூட்டிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்துவிடுவேன். பிள்ளை இல்லை என்று நாலு பேர் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். எனக்கு ஒரு பிள்ளை இருக்கிறது, அது உயிரோடு இருக்க வேண்டும். பேரப்பிள்ளை எல்லாம் அதற்கு அப்புறம்.

வத்தலக்குண்டில் நீ கண் திறந்த அன்றைக்கு நான் உன்னைக் கேட்டேன். "ஏட்டி, அல்வா ஆகாதுன்னு ஒனக்குத் தெரியும்லா? வேண்டாம்னு சொல்லுததுக்கு என்ன?" குரல்கூட எழும்பவில்லை உனக்கு. "சொன்னா பெரியப்பா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருமேம்மா" என்றாய். அவ்வளவு சின்னப் பிள்ளை. செத்துப் பிழைத்துக் கிடக்கிறாய், அப்போதும் அந்த ஆளின் முகத்தைப் பற்றிய கவலை உனக்கு. அன்றைக்கு நான் அழுத மாதிரி அதற்கு முன்னாலும் அழுததில்லை, பின்னாலும் அழுததில்லை. இப்போது பெரியப்பா முகம் போய் மாமியார் முகம் வந்திருக்கிறது. ஆகட்டும் மகளே. அந்த அம்மாள் முகம் ஒரு மாதிரி ஆகட்டும். காசி போய்ச் சேருகிற வரைக்கும் அப்படியே இருக்கட்டும். நீ அதை நேராகப் பார்த்துக்கொண்டே உன் சோற்றைச் சாப்பிடு.

உன் அம்மா